வாரியம் துக்கம் காத்த கதை

கூவா சே ஊரில் சூரியன் உதிப்பதே சுற்றுலாக் காட்சியிடம் எண் மூன்று. அதற்குக் கடற்கரையில் ஒரு பலகை உண்டு. உதய நேரம் ஐந்து மணி முப்பது நிமிடம் என்று எழுதி, கீழே காட்சியிட மேலாண்மை வாரியத்தின் சிவப்பு முத்திரையையும் பொறித்திருப்பார்கள். சூரியன் அந்தப் பலகையைப் படித்ததில்லை. கோடையில் முன்னதாகவே வந்துவிடும். மழைக்காலத்தில் சில நாள் தலையே காட்டாது. ஆனால் வாரியத்தின் ஒலிபெருக்கி மட்டும் தினமும் ஐந்து முப்பத்தைந்துக்குக் கொட்டுமுழக்கத்தோடு, இன்றைய சூரியோதயம் திட்டமிட்டபடி வெற்றிகரமாக நடந்து முடிந்தது என்று ஊருக்கு அறிவித்துவிடும். போன வருஷம் புயல் கூரைகளைப் பிய்த்துக்கொண்டிருந்த காலையிலும் அறிவித்தது. அன்று அதைக் காதில் வாங்க யாருக்கும் நேரமில்லை.

எண் ஒன்று கலங்கரை விளக்கம்; அதில் விளக்கு எரிந்து பதினோரு வருஷமாகிறது. எண் இரண்டு ஆமைப் பாறை. பார்த்தால் ஆமை மாதிரி இல்லையே என்று வெளியூர்க்காரர்கள் முணுமுணுத்ததால், வாரியம் சிமெண்டில் ஒரு தலை செய்து ஒட்டியது. அதற்குப் பிறகு அது வாத்து மாதிரி இருக்கிறது. எண் ஆறு வாரியத்தின் அலுவலகமே. ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் ஒரே காட்சியிடம் அதுதான். இப்படி மொத்தம் ஒன்பது. பத்து இருந்தால் கூவா சே முதல் தரக் கடற்கரை நகரமாகிவிடும். இயக்குநர் குயென் மாகாணத் தலைநகருக்கு மாறிப் போய்விடலாம். பத்தாவதைத் தேடி அவர் இரண்டு வருஷமாகக் கரையோரம் நடந்துகொண்டிருந்தார். நடப்பது என்றால் காரில்.

கடைசியில் அது அவருடைய மேஜையின் மேலேயே கிடைத்தது. வாரியத்தின் வரைபடத்தில் தெற்குக் கரையில், பாதாம் மரத்துக்குக் கீழே, அறுபது அடி அகலத்துக்கு ஓர் இடம் வெள்ளையாக விடப்பட்டிருந்தது. பக்கத்தில் ‘பயன்பாடற்ற வெற்றிடம்’ என்ற குறிப்பும் இருந்தது.

அந்த வெற்றிடத்தில்தான் மியென் இருபத்தாறு வருஷமாகப் பரிசல் இறக்குகிறாள். அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு அதுதான் துறை. மூங்கிலைப் பின்னி, சாணமும் பிசினும் பூசிய வட்டப் பரிசல்கள் அங்கே வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கும். மியெனின் புருஷன் பெரிய விசைப்படகில் கணவாய் பிடிக்கப் போனவன், இரண்டு மாசத்துக்கு ஒருமுறைதான் வீடு திரும்புவான். அதுவரை அவளே விடியற்காலை பரிசலை எடுத்துப் போய் நண்டு வலையைத் தூக்கி, ஏழு மணிக்குள் சந்தையில் கூடையை இறக்கிவிடுவாள். நாற்பத்தெட்டு வயது. தோளைப் பார்த்தால் சுமைதூக்கிகளே ஒதுங்கி வழிவிடுவார்கள்.

ஒருநாள் பாதாம் மரத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வெற்றிடத்தில் ‘இறக்கை வாசல்’ கட்டப்படும். சிமெண்டில் இரண்டு பெரிய இறக்கைகள், நடுவில் இதயம் போல ஓர் ஓட்டை. பயணிகள் அந்த ஓட்டையில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். வரும் பதினைந்தாம் தேதி மாகாணத் துணைத் தலைவர் வந்து திறந்துவைக்கிறார். அதற்கு முன் வெற்றிடத்திலுள்ள பரிசல்கள் நான்கு கிலோமீட்டர் தள்ளி மூக்குப்பாறைக்குப் பின்னால் போக வேண்டும். மூக்குப்பாறையில் அலை பரிசலைத் தூக்கிப் பாறையில் அடிக்கும். ஒரே வாரத்தில் மூங்கில் சிராய்கூட மிஞ்சாது. இது தெரியாதவர்கள் ஊரில் பன்னிரண்டு பேர் மட்டுமே. அத்தனை பேரும் வாரியத்தில் வேலை பார்த்தார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மேஜையில் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் பாட்டிலும் பெயர்ப்பலகையும் வைத்திருந்தார்கள். மியென் தன் பெயரை முதன்முறையாக அச்சில் பார்த்தாள். அதன் பக்கத்தில் அவளுடைய கருத்தும் அச்சாகியிருந்தது: ‘முழுமையாக ஆதரிக்கிறேன்.’

அவள் கையைத் தூக்கினாள். “ஐயா, இது நான் சொன்னது இல்லீங்க.”

“இன்னும் சொல்லல, அவ்வளவுதானே,” என்றார் துணை இயக்குநர் டாவ் அம்மாள், கனிவாக. “கருத்தை மூணு நாளைக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். யாரும் கொடுக்கல. அதனால எழுதுற சிரமம் உங்களுக்கு வேணாம்னு நாங்களே எழுதிட்டோம்.”

“அப்போ பரிசலை எங்க இறக்குறது?”

இயக்குநர் குயென் எழுந்தார். நரையில்லாத தலை, சுருக்கமில்லாத சட்டை. எதைக் கேட்டாலும் முதலில் வாழ்த்துவது அவர் வழக்கம்.

“அருமையான கேள்வி. அக்காவுக்கு வாழ்த்துகள். கடற்கரைன்னா என்ன? நீங்க கடல்னு சொல்லுவீங்க, மீன்னு சொல்லுவீங்க. அது பழைய பார்வை. கடற்கரைங்கிறது மனுஷன் கடலுக்கு முதுகைக் காட்டி நின்னு போட்டோ எடுத்துக்குற இடம். போன வருஷம் நாலு லட்சம் பேர் வந்தாங்க. அதுல கடலைத் திரும்பிப் பார்த்தவங்க எத்தனை பேருன்னு கணக்கெடுத்தோம். ரொம்பக் குறைவு. ஆக, கடலே நமக்கு ஒரு பின்னணிதான். பின்னணியில பரிசல் நின்னா நல்லாத்தான் இருக்கும், நான் மறுக்கல. ஆனா அது நகராம நிக்கணும். உங்க பரிசல் எல்லாம் போகுது, வருது. அதுதான் சிக்கல்.”

வாரியத்தார் கைதட்டினார்கள். மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வெளியே டீக்கடையில் கியெங் சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். மீனவர் சங்கத்துக்கும் கடலய்யா கோயிலுக்கும் அவர்தான் தலைவர். நாளில் பாதி நேரம் சதுரங்கப் பலகைக்கு முன்னால்தான் இருப்பார். தோற்றால் பேச மாட்டார், ஜெயித்தால் எழுந்திருக்க மாட்டார்.

“என்ன முடிவு?” என்றார் தலையைத் தூக்காமல்.

“கடலே பின்னணிதானாம் அண்ணே. நாம நகராம நிக்கணுமாம்.”

“சரி. நண்டுகிட்டயும் சொல்லிடு, நகராம நிக்கச் சொல்லி.”

மியெனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்குப்பாறைக்குப் போனால் பரிசல் போகும், பரிசல் போனால் சந்தை போகும். வீட்டுக்கு வந்து வலையை மடியில் போட்டுக்கொண்டு வெகு நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியவில்லை.

நான்காம் தேதி விடியற்காலை அவள் துறைக்குப் போனபோது, பரிசல்களுக்குப் பக்கத்தில் பெரிதாகக் கறுப்பாக ஏதோ ஒதுங்கியிருந்தது. வாரியம் இறக்கையைக் கொண்டுவந்து போட்டுவிட்டது என்று எரிச்சலோடுதான் கிட்டே போனாள். போனவள் அப்படியே மண்டியிட்டாள்.

கடலய்யா. நாலு ஆள் நீளம், இறந்து ஒதுங்கியிருந்தார். கூவா சேயில் யாரும் திமிங்கிலம் என்று சொல்வதில்லை. புயலில் படகுக்கு முட்டுக் கொடுத்துக் கரைசேர்ப்பவரை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. அவர் கரையொதுங்கினால் ஊரே கூடி அடக்கம் செய்யும். அவரை முதலில் பார்க்கிறவர்தான் மூத்த பிள்ளை. ஆணோ பெண்ணோ, தன்னைப் பெற்றவருக்குச் செய்வது போல வெள்ளைப் பட்டியைத் தலையில் கட்டி, முன்னால் நின்று இறுதிக்கடனெல்லாம் செய்து, மூன்று வருஷம் துக்கம் காக்க வேண்டும். அப்படிக் காத்த வீட்டு ஆளைக் கடல் கைவிடாது. மியெனின் புருஷன் அப்போது கரையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தான்.

கூம்புத் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதாள். தன் துண்டை எடுத்து அவர் தலைமேல் போர்த்தினாள். எட்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது. பிறகு ஓடிப்போய் கியெங்கை எழுப்பினாள்.

ஆறு மணிக்குள் ஊரே கரையில் நின்றது. கியெங் கோயிலிலிருந்து வெள்ளைப் பட்டியைக் கொண்டுவந்து மியெனின் தலையில் கட்டினார். ஊதுவத்தி ஏற்றி அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதே வாரியத்தின் கார் வந்து நின்றது.

குயென் இறங்கினார். கடலய்யாவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு டாவ் அம்மாளின் காதில் ஏதோ கேட்டார். அவர் கைப்பையிலிருந்து ஓர் அச்சுத்தாளை எடுத்து விரலால் ஓடவிட்டு, “மரபுச் சடங்கில் நிர்வாகத்தின் நேரடிப் பங்கேற்பு, பதினைந்து புள்ளி,” என்று வாசித்தார். முதல் தரத்துக்குப் பத்துக் காட்சியிடங்களோடு புள்ளிகளும் வேண்டும்; ஊருக்கு இன்னும் பதினான்கு புள்ளி போதவில்லை.

“யார் முதல்ல பார்த்தது?” என்றார் குயென்.

“நான்தாங்க,” என்றாள் மியென்.

“வாழ்த்துகள். எத்தனை மணிக்கு?”

“அஞ்சாகப் பத்து நிமிஷம் இருக்கும்.”

குயென் பாதாம் மரத்துக்குப் பக்கத்துக் கம்பத்தைக் காட்டினார். உச்சியில் வாரியத்தின் கண்காணிப்பு கேமரா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. காவலாளியைக் கூப்பிட்டுக் காட்சிப் பதிவைப் போடச் சொன்னார்கள். நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அலை ஒன்று கடலய்யாவைக் கொண்டுவந்து மெல்ல வைத்துவிட்டுப் போனது அதில் தெரிந்தது.

“ஆக, முதல்ல பார்த்தது கேமரா,” என்றார் குயென். “கேமரா வாரியத்தோட சொத்து. வாரியத்தோட கண்ணு பார்த்தா வாரியம் பார்த்த மாதிரி. அதனால மூத்த பிள்ளை வாரியம்.”

கூட்டம் மியெனைத் திரும்பிப் பார்த்தது.

“அப்போ யாராவது கேமரா முன்னாடி உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தாங்களா?” என்று மியென் கேட்டாள். காவலாளி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

“அது வாரியத்தோட உள்விவகாரம்,” என்றார் டாவ் அம்மாள்.

காவலாளி தயங்கித் தயங்கி வந்து, “அக்கா, அந்தப் பட்டி அங்கீகாரம் உள்ளவங்களுக்கு மட்டும்தானாம். தப்பா எடுத்துக்காதீங்க,” என்று கையை நீட்டினான். மியென் பட்டியை அவிழ்த்துக் கொடுத்தாள். பரிசலைப் பிடுங்கியிருந்தால்கூட அவளுக்கு இத்தனை வலித்திருக்காது. கடலில் இருக்கும் தன் ஆளின் முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. பெண்களுக்கு நடுவே போய் நின்றாள்.

ஊர்க்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கியெங் மட்டும் கையைக் காட்டி எல்லாரையும் அமர்த்தினார்.

“இயக்குநர் ஐயா சொல்றது சரிதான். கேமராதானே முன்னாடி பார்த்துது,” என்றார். “ஒண்ணே ஒண்ணு. கோயில் பதிவேட்டுல எழுதணும். மூத்த பிள்ளை வாரியம்தான், மூத்த பிள்ளைக்கு உண்டான கடமையெல்லாம் வாரியம் ஏத்துக்குதுன்னு ஒரு கடிதம் வேணும். முத்திரையோட.”

“ரெண்டு முத்திரையோட தரேன்,” என்றார் குயென்.

மியெனுக்குக் கியெங்கின் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “சதுரங்கத்துல காயைக் கொடுக்கிற மாதிரி என்னைக் கொடுத்துட்டீங்களே அண்ணே,” என்று அன்று மாலை வரை அவரைக் கண்ட இடத்திலெல்லாம் கேட்டாள். அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வாரியத்தில் அவசரக் கூட்டம் கூடியது. வாரியம் என்றால் பன்னிரண்டு பேர். மூத்த பிள்ளை ஒருவர்தான் இருக்க முடியும். பணிமூப்புப்படி டாவ் அம்மாள் மூத்தவர், பதவிப்படி குயென் மூத்தவர். கணக்குப் பிரிவுக்காரர் இருவரையும்விட வயதில் மூத்தவர். துக்கம் அலுவலக நேரத்தில் மட்டுமா, விடுமுறை நாளிலும் காக்க வேண்டுமா என்று ஒருவர் தெளிவு கேட்டார். வெள்ளைத் துணிக்குச் சட்டை அளவு கேட்டுச் சுற்றறிக்கை போனது. நான்கு மணி நேரம் விவாதித்து, உண்மையிலேயே பார்த்தது கேமரா என்பதால் அதுவே மூத்த பிள்ளையாக முன்னால் போகட்டும், மற்றவர்கள் அதன் சார்பில் துக்கப்படட்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

மறுநாள் அடக்கம். கம்பத்திலிருந்து கேமராவை இறக்கி, பட்டுத் துணி விரித்த தட்டில் வைத்து, அதன் நெற்றி இருக்கக்கூடிய இடத்தில் வெள்ளைப் பட்டியைக் கட்டினார்கள். டாவ் அம்மாள் தட்டைத் தாங்கிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாக நடந்தார். அவர் பின்னால் குயென் மூங்கில் கோலை ஊன்றி, முதுகை வளைத்து, எங்கே போட்டோக்காரன் இருக்கிறானோ அந்தப் பக்கமாகத் துக்கப்பட்டுக்கொண்டு போனார். நிகழ்ச்சி நிரலில் அழுகைக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆறாவது நிமிடமே முடிந்துவிட்டதால் மீதி ஒரு நிமிடத்தைக் கணக்குப் பிரிவுக்காரர் தனியாகச் சமாளித்தார்.

மீனவர்கள் துடுப்புப் பாட்டுப் பாடினார்கள். அது தொடங்கியதும் உண்மையான அழுகை வந்தது. கடைசி வரிசையில், தலையில் பட்டியில்லாத மியெனுக்கும் வந்தது. கோயிலுக்குப் பின்னால், இதற்கு முன் வந்த கடலய்யாக்களுக்குப் பக்கத்தில் அவரைப் புதைத்தார்கள். மாலைக்குள் அங்கே ஒரு பலகை முளைத்தது: ‘கண்டெடுத்தவர்: காட்சியிட மேலாண்மை வாரியம்.’ மாகாணத்திலிருந்து பதினைந்து புள்ளிகளும், ‘முன்மாதிரி மூத்த பிள்ளை’ என்று ஒரு பாராட்டுப் பத்திரமும் வந்தன. பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார்கள். காட்சியிடம் எண் ஆறுக்கு வந்தவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பத்தாம் தேதி இரவல் லாரியில் இறக்கைகள் வந்து இறங்கின. பதினான்காம் தேதி சிமெண்டு காய்ந்தது. மியென் தன் பரிசலை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பதினைந்தாம் தேதி காலை கடற்கரை முழுக்கச் சிவப்பு. சிவப்புப் பதாகை, சிவப்புப் பலூன், சிவப்பு ரிப்பன். சிங்க ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். மேளம் தயாராக இருந்தது. பரிசல்களை ஏற்றிப்போக ஒரு லாரியும் நின்றது. மாகாணத் துணைத் தலைவர் காரிலிருந்து இறங்கினார். ஐம்பது வயதுப் பெண்மணி. நெல்லிப் பச்சை நிற நீள உடை, கழுத்தில் முத்துமாலை. அவர் அண்ணன்கள் மூன்று பேருக்கும் விசைப்படகு உண்டு என்பது மாகாணமே அறிந்த விஷயம்.

குயென் பேசத் தொடங்கினார்.

“மதிப்புக்குரிய துணைத் தலைவர் அவர்களே. இன்னைக்குக் கூவா சே பறக்குது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க என்ன இருந்தது? ஒண்ணும் இல்ல, வெறும் மணல், வெறும் மீனவர்கள். நாங்க இந்த வெற்றிடத்தைப் பார்த்தோம். பார்க்கிறதுதான் எங்க வேலை. கடலய்யாவையே முதல்ல பார்த்தது யாரு? நாங்க. மக்கள் பார்க்குறதுக்கு முன்னாடியே பார்க்குறதுதான் நல்ல நிர்வாகம். மக்கள் பார்த்துட்டா அப்புறம் நமக்கு என்ன வேலை?”

கைதட்டல் எழுந்தது. தட்டில் கத்தரிக்கோல் வந்தது. துணைத் தலைவர் அதைக் கையில் எடுத்தார்.

“ஒரு நிமிஷம் அம்மா,” என்று கியெங் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். அன்று தலையை வாரியிருந்தார். சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார். “இதை ஒரு தரம் பார்த்துட்டு வெட்டுங்க.”

துணைத் தலைவர் படித்தார். இரண்டு முத்திரைகளையும் பார்த்தார்.

“மூத்த பிள்ளை வாரியம்னு எழுதியிருக்கு. ஆமா, பாராட்டுப் பத்திரத்துல நானும்தான் கையெழுத்துப் போட்டேன். அதுக்கென்ன?”

“அடக்கமாகி இன்னைக்குப் பத்தாவது நாள் அம்மா. மூத்த பிள்ளைக்கு மூணு வருஷம் துக்கம். துக்க வீட்டுல மேளம் அடிக்கலாமா? சிவப்புக் கட்டலாமா? புதுவாசல் திறக்கலாமா? எனக்குத் தெரியாது, நான் படிக்காதவன். உங்க வீட்டுல எப்படின்னு நீங்களே சொல்லுங்க.”

துணைத் தலைவர் கத்தரிக்கோலைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார். வைத்த கையைப் பின்னால் இழுத்து உடையில் துடைத்துக்கொண்டார். சிங்கத்துக்குள் இருந்த இரண்டு பையன்களும் வெளியே வந்து சிங்கத்தைக் கீழே போட்டார்கள். இருவரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மேளக்காரர் குச்சியைக் காலுக்கடியில் மறைத்தார்.

“இது வெறும் நிர்வாக நடைமுறை,” என்றார் குயென். முதல் முறையாக அவர் யாரையும் வாழ்த்தவில்லை. “அலுவலகத்துக்கு எப்படித் துக்கம் வரும்?”

“வராதா? அப்போ வாரியம் மூத்த பிள்ளை இல்லைன்னு எழுதிக் கொடுங்க,” என்றார் கியெங். “பதிவேட்டைத் திருத்திடுறேன். மியென்தான் முதல்ல பார்த்தான்னு ஆகிடும். அவ துக்கம் காப்பா, நீங்க தாராளமா ரிப்பன் வெட்டுங்க.”

டாவ் அம்மாள் குயெனின் காதருகே குனிந்தார். மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் கரை முழுக்கக் கேட்டது. “அப்படி எழுதினா பதினைந்து புள்ளியும் போயிடும். மாகாணம் கொடுத்த பத்திரம் பொய்யாயிடும். பொய்ப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டவங்க முன்னாடிதான் நிக்கிறாங்க.”

துணைத் தலைவர் முத்துமாலையைச் சரிசெய்துகொண்டார். “வாரியம் பாராட்டுக்குத் தகுதியானதுதான்,” என்றார், ஒவ்வொரு சொல்லாக. “தகுதியானதுன்னா துக்கமும் உண்டுதான். மூணு வருஷம் கழிச்சுத் திறந்துக்கலாம். என் பெரியண்ணன் படகு நேத்துத்தான் கடலுக்குப் போயிருக்கு குயென். நீங்க வேற எதையாவது வெட்டி வைக்காதீங்க.”

கார் கிளம்பியது. பதாகைகளை இறக்கினார்கள். இறக்கைகளின் மேல் வெள்ளைத் துணி போட்டு மூடினார்கள். பரிசல் ஏற்ற வந்த லாரி பலூன்களை ஏற்றிக்கொண்டு போனது.

மியென் கியெங்கின் அருகில் வந்து நின்றாள். “முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.”

“உன் மூஞ்சில எதுவும் நிக்காது. அழ வேண்டிய அன்னைக்குச் சிரிச்சிருப்ப.”

“என் பட்டி போச்சே அண்ணே.”

“அது போச்சு,” என்று ஒப்புக்கொண்டார் கியெங். அவளோடு சேர்ந்து பரிசலின் கயிற்றை அவிழ்த்தார்.

வாரியம் துக்கம் காத்தது. வேறு வழியில்லை, பத்திரம் சுவரில் இருந்தது. அலுவலகத்தில் பாட்டு நின்றது, விருந்து நின்றது. புதிய காட்சியிடம் எதையும் திறக்க முடியவில்லை. பத்து எண்ணிக்கை நிறையாததால் குயெனின் மாற்றலும் நின்றது. நூறாம் நாளும் ஆண்டு நாளும் பன்னிரண்டு பேரும் வெள்ளைப் பட்டி கட்டிக் கோயிலுக்கு வந்து ஊதுவத்தி ஏற்றினார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டார்கள். கேமராவைக் கம்பத்தில் திரும்ப ஏற்றியபோது பட்டியை எடுப்பதா வேண்டாமா என்று மாகாணத்துக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் வராததால் அது கட்டியபடியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி மட்டும் நிற்கவில்லை. கொட்டுமுழக்கம் இல்லாமல், தாழ்ந்த குரலில், இன்றைய சூரியோதயம் ஆழ்ந்த வருத்தத்துடன் நடந்து முடிந்தது என்று சொன்னது. ஊர்க்காரர்கள் கூடுதலாக ஒரு தூக்கம் தூங்கினார்கள்.

பன்னிரண்டு குடும்பங்களும் துறையில் பரிசல் இறக்கின. வெள்ளைத் துணி போர்த்திய இறக்கைகள் வலை உலர்த்த வசதியாக இருந்தன. மியெனின் புருஷன் போனான், வந்தான், மறுபடி போனான். ஒவ்வொரு முறை அவன் போகும்போதும் அவளுக்கு அந்த நான்காம் தேதி நினைவுக்கு வந்து நெஞ்சு கனக்கும். துறை மிஞ்சியது, மூத்த பிள்ளை என்கிற பேறு மிஞ்சவில்லை.

நாள் ஓடியது. மூன்று வருஷத்துக்கு இரண்டு மாசம் இருக்கையில் வாரியம் விழித்துக்கொண்டது. அலுவலக வாசலில் ‘துக்கம் முடிய இன்னும் அறுபது நாள்’ என்று எண் மாற்றும் பலகை வைத்தார்கள். இறக்கைகளுக்குப் புது வர்ணம் வந்தது. குயென் காரில் வந்து துறையை அளந்துவிட்டு மியெனைப் பார்த்துக் கையசைத்தார்.

“வாழ்த்துகள் அக்கா. மூக்குப்பாறையில இடம் சுத்தம் பண்ணச் சொல்லிட்டேன். இந்தத் தடவை எந்த அய்யா வந்தும் நிறுத்த முடியாது.”

பலகையில் எண் நாற்பத்தொன்றுக்கு வந்த அன்று, முந்தின நாள் அடித்த காற்று அடங்கியிருந்த விடியற்காலையில், மியென் துறைக்கு வந்தாள். பாதாம் மரத்துக்கு நேர் கீழே, நுரைக்குள், கடலய்யா படுத்திருந்தார். இந்த முறை சிறியவர். டால்பின் இனம், ஒரு குழந்தை அளவுதான் இருப்பார். கோயில் வழக்கில் அளவுக்குப் பேதமில்லை. பெரியவருக்கும் சிறியவருக்கும் அதே பெட்டி, அதே பாட்டு, அதே மூன்று வருஷம்.

கரையில் வேறு யாரும் இல்லை. மியென் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள். அவள் புருஷனின் படகு கிளம்பி ஒன்பது நாளாகிறது. கேட்காமல் கிடைத்த மாதிரி, இரண்டாவது முறையாக, அவளுடைய கைக்கே வந்திருக்கிறார். கோயிலுக்கு ஓடினால் இந்த முறை பட்டி அவள் தலையில்தான். அவளுக்கு அது வேண்டும் போலிருந்தது. அழுகை வரும் அளவுக்கு வேண்டும் போலிருந்தது. அவள் பின்னால் திரும்பிப் பரிசல்களைப் பார்த்தாள். பன்னிரண்டு இருந்தன.

“கோவிச்சுக்காதீங்க அய்யா,” என்று மெதுவாகச் சொன்னாள். “நான் உங்களுக்குப் பொண்ணுதான். பேரு மட்டும் வேற ஆளுக்குப் போகட்டும். எங்க ஆளைப் பார்த்துக்கோங்க.”

எழுந்து காவலாளியின் கூண்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

“தம்பி, உங்க கேமரா எதையோ பார்த்திருக்கும் போல. எத்தனை மணிக்குன்னு பார்த்து இயக்குநர் ஐயாவுக்குச் சொல்லிடு. அப்படியே கியெங் அண்ணனுக்கும் ஒரு போன் போடு. போன தடவை மாதிரி கடிதம் வாங்க ஆள் வேணும்ல. பத்திரம் இன்னும் சுவத்துலதானே இருக்கு.”

அவன் திரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனும் அந்த ஊர்க்காரன்தான். அவன் மாமன் பரிசல் அந்தப் பன்னிரண்டில் ஒன்று.

“மூணு மணி நாற்பதுக்கு வந்திருக்காரு அக்கா,” என்றான். பேனாவையும் பதிவேட்டையும் எடுத்தான். “இதுல எழுதணும். நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?”

“நான் இன்னும் வரலைன்னு எழுதிக்கோ,” என்று சொல்லிவிட்டு மியென் தன் பரிசலைத் தண்ணீருக்குள் தள்ளினாள்.